டக் டக் ஹார்ன்: சுத்தியலுக்கு முன்னாடி மூணு டெஸ்ட்

இன்னைக்கு கோடிங் பேசப் போறதில்லை. என்னோட ஃப்ரெஞ்சு ஹார்ன் கதை. கம்மி விலையில் வாங்கின செகண்ட் ஹேண்ட் ஹார்ன். கிறிஸ்துமஸ் ஆராதனைக்கு பத்து நாள் இருக்கும்போது, ரெண்டாவது வால்வு 'டக் டக்'னு அடிக்க ஆரம்பிச்சது. மெதுவான பாட்டுல அந்தச் சத்தம் கடைசி பெஞ்சு வரைக்கும் கேட்கும்.

இது ரோட்டரி வால்வு. 1835-ல் வியன்னாவில் யோசெஃப் ரீடல் காப்புரிமை வாங்கின அமைப்பு. லீவரை அழுத்தினா உள்ளே இருக்கிற ரோட்டர் கால் சுற்று திரும்பும். காற்று கூடுதல் குழாய் வழியா சுத்திப் போகும், சுரம் இறங்கும். ரோட்டரோட ரெண்டு முனையிலும் ஒரு தண்டு. அந்தத் தண்டு சுழல்ற துளைதான் பேரிங். உள்ளே குண்டு எதுவும் கிடையாது, வெறும் உலோகத் துளை. அது தேய்ஞ்சா ரோட்டர் ஆடும்.

நான் என்ன பண்ணேன்? ஒரு வீடியோ பார்த்துட்டு, பின்பக்க பேரிங் பிளேட்டை சுத்தியலால் தட்டினேன். சத்தம் நின்னுடுச்சு. ஏன்னா வால்வே நின்னுடுச்சு! பிளேட் சாய்வா இறங்கி ரோட்டரை இறுக்கிடுச்சு.

ரிப்பேர் பண்ற அண்ணாகிட்ட ஓடினேன். ஸ்டாப் ஆர்ம் ஸ்க்ரூவை முழுசா கழட்டாம, சில சுற்று மட்டும் தளர்த்தி, அதன் தலையில் மெதுவா தட்டி பிளேட்டை வெளியே எடுத்தார். "தட்டுறதுக்கு முன்னாடி எதைப் பார்த்தீங்க தம்பி?"ன்னு கேட்டார். என்கிட்ட பதில் இல்லை. லாக் பார்க்காம புரொடக்ஷன்ல கை வெச்ச மாதிரிதான்.

அவர் சொல்லிக் கொடுத்த வரிசை இது. ஒண்ணு, கயிறைக் கழட்டிட்டு ஸ்டாப் ஆர்மை கையால் திருப்புங்க. சத்தம் இல்லைன்னா கோளாறு லீவர் பக்கம். ரெண்டு, ஆர்ம் போய் இடிக்கிற கார்க் இறுகிப்போயிருக்கான்னு பாருங்க. மூணு, தண்டைப் பிடிச்சு முன்னும் பின்னும், அப்புறம் பக்கவாட்டில் அசைங்க. முன்பின் ஆட்டம்னா பிளேட் சரியா உட்காரலையான்னு பார்க்கணும். பக்கவாட்டு ஆட்டம்னா துளை அகண்டிருக்கு.

எனக்கு கார்க்கும் போச்சு, பக்கவாட்டு ஆட்டமும் இருந்தது. துளையை அதுக்கான டூல் வெச்சு சுத்திலும் சமமா அழுத்திச் சுருக்கி, பேஸ்ட் போட்டு மறுபடி பொருத்தணும். மூணு வால்வுக்கும் செஞ்சா நான் ஹார்னுக்குக் கொடுத்த விலையே வந்துடும். அதனால புது கார்க், பேரிங்குக்கு மட்டும் கெட்டியான எண்ணெய். ஆட்டம் போகலை; எண்ணெய் இடைவெளியை நிரப்பி சத்தத்தைக் குறைக்குது. தற்காலிக ஃபிக்ஸ்தான்.

கிறிஸ்துமஸ் அன்னைக்கு வாசிச்சேன். சத்தம் எனக்கு மட்டும் லேசா கேட்டது. துளை வேலைக்கு இப்போ மாசாமாசம் காசு சேர்க்கிறேன். சுத்தியல் அண்ணாகிட்டயே இருக்கு.