கிளைடர் பந்தயமும் நடுநிலைமையும்

மும்பையில் ஆண்டாப் ஹில் பக்கத்தில் நண்பகல் வேளையில் வானத்தை நோக்குவோர்க்கு ஒரு காட்சி புலப்படும். பருந்தொன்று சிறகசைக்காமலே வட்டமிட்டு உயர்கிறது. சற்று நேரத்தில் வேறு பருந்துகளும் வந்து அதே வட்டத்தில் சேர்ந்துகொள்கின்றன. வெயிலால் சூடேறிய தரையிலிருந்து காற்று எங்கே மேலெழுகிறது என்பதை முதற்பருந்து தேடிக் கண்டது. மற்றவை அதனைப் பார்த்தே அறிந்தன. பருந்துகளிடையே இதனால் வழக்கொன்றும் எழுவதில்லை. மனிதர் இதனையே பந்தயமாக்கும்போதுதான், தேடியவனுக்கும் தொடர்ந்தவனுக்கும் பரிசை எவ்வாறு அளந்து கொடுப்பது என்னும் கேள்வி பிறக்கிறது.

கிளைடர் என்பது எஞ்சினின் துணையின்றிப் பறக்கும் விமானம். கயிற்றால் இழுத்து உயரே ஏற்றி விட்டபின், எழுகின்ற காற்றையே நம்பி நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் செல்ல வல்லது. 1937ஆம் ஆண்டில் ஜெர்மனியின் வாஸர்குப்பே மலையில் இதற்குப் பன்னாட்டுப் போட்டி நடைபெற்றது. நம் நாட்டிலும் புனேயின் ஹடப்சரில் அரசாங்கம் பயிற்சி நிலையம் நிறுவியது. சிவில் விமானத் துறையினர் தாம் வடித்த கிளைடர்களுக்கு அசுவினி, பரணி, ரோகிணி என நட்சத்திரப் பெயர்களைச் சூட்டினர். ரோகிணி 1961இல் முதன்முதலாகப் பறந்தது. அதனை வடிவமைத்தவர் எஸ். ராமாமிர்தம்.

இனிப் பந்தயத்துக்கு வருவோம். ஓட்டப் பந்தயத்தில் எல்லாரும் ஒரே வெடியோசைக்குப் புறப்படுகின்றனர். கிளைடர் பந்தயத்தின் பழைய முறையோ வேறு. புறப்பாட்டுக் கோடு திறந்தபின், அவரவர் விரும்பிய நேரத்தில் அதனைக் கடக்கலாம். கடந்த கணத்திலிருந்து அவரவர் காலம் கணக்கிடப்படும். கேட்பதற்கு இது மிகவும் நியாயமாகவே தோன்றும். ஆயினும் ஒருவர் பத்து நிமிடம் தாமதித்துப் புறப்படுகிறார் என்று கொள்வோம். முன்னே சென்றவர்கள் வட்டமிடும் இடங்கள் அவருக்கு வழிகாட்டிகளாகின்றன. அவர் தேட வேண்டுவதில்லை. வழியில் அவர்களை எட்டிப் பிடித்து ஒன்றாகவே வந்து சேர்ந்தாலும், பத்து நிமிட வித்தியாசத்தில் வெற்றி அவருடையதே.

இதனை எல்லாரும் அறிவர். ஆகவே எவரும் முதலில் புறப்பட விரும்புவதில்லை. கோட்டின் அருகே கூட்டமாகச் சுற்றிக் காத்திருக்கின்றனர். நல்ல காற்று வீணாகிறது. மாலையில் வெயில் தணிய, பலர் வயல்களில் இறங்க நேர்கிறது. நெருங்கிச் சுற்றுவதால் மோதிக்கொள்ளும் அபாயமும் உண்டு. விதியின் குறை இங்கே உயிரையே தொடுகிறது.

புள்ளிக் கணக்கும் இத்தகையதே. நெடுங்காலம் வழங்கிவரும் முறையில், ஒரு நாளின் உயர்ந்த அளவு 1000 புள்ளி. பந்தயம் மிகக் குறுகிய நேரத்தில் முடிந்தால் அது குறைக்கப்படும். அன்றியும், வந்து சேர்ந்தோர் தொகை குறையக் குறைய, வேகத்துக்குரிய பங்கும் குறைகிறது. அதிர்ஷ்டம் ஆண்ட நாளுக்கு மிகுந்த மதிப்பளிக்கலாகாது என்பதே இதன் கருத்து. ஆனால் பலர் வழியில் இறங்கிய நாளில், தன் திறமையால் தனியே மீண்டவனுக்கும் அதே கத்தரிக்கோல்தான்! ஒருவனுடைய புள்ளி பிறருடைய தோல்வியாலும் குறைகிறது.

இதற்கு மாற்றாக எழுந்ததே, எல்லாரும் ஒரே நேரத்தில் புறப்படும் கிராண்ட் பிரீ முறை. 2005இல் பிரான்சின் சேந்த் ஓபானில் இதன் முதல் உலக இறுதிப்போட்டி நடந்தது. போலந்து நாட்டின் செபாஸ்டியன் காவா வென்றார். முதலில் வருபவரே முதல்வர் என்பதால் காண்போர்க்கும் எளிதில் விளங்குகிறது. காத்திருந்து காலத்தைத் திருடும் வழி அடைபடுகிறது. ஆயினும் பின்தொடர்வோன் முற்றும் மறைந்துவிடவில்லை. ஒரே நேரத்தில் பலர் கோட்டைக் கடப்பதால் போட்டியாளர் தொகையையும் சிறிதாகவே வைக்க வேண்டியிருக்கிறது.

எனவே குறையே இல்லாத விதி ஒன்றும் கிட்டவில்லை. எந்த விதியையும் ஒரு கேள்வியால் சோதிக்கலாம்: இது எந்த நடத்தைக்குப் பரிசளிக்கிறது? தேடிச் செல்லும் துணிவுக்கா, பதுங்கிக் காத்திருக்கும் சாமர்த்தியத்துக்கா? அனைவர்க்கும் ஒரே விதி என்பது மட்டும் நியாயமாகிவிடாது. எத்திறனை அளக்க வந்ததோ அத்திறனையே விதி அளக்க வேண்டும். இது வானத்துப் பந்தயத்துக்கு மட்டுமன்று. தேர்வுக்கும் வேலைக்கும் மனிதரை வரிசைப்படுத்தும் எந்தத் துறைக்கும் பொருந்தும்.