முப்பத்தொரு கோப்புகள்
(உத்திரமேரூரில் நடந்த ஆசிரியர் பயிற்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கணினிப் பாடத்தை எளிமையாக நடத்துவது பற்றிப் பேசச் சொன்னார்கள். நான் செய்த தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மாணவி ஒருத்தி, ஓர் அலுவலகத்தில் தட்டச்சு வேலைக்கான தேர்வுக்குப் போனாள். அங்கிருந்த கணினியில் விண்டோஸ் இல்லை, லினக்ஸ் இருந்தது. எந்த இடத்தில் எதைத் தொடுவது என்று தெரியவில்லை. கேட்கவும் கூச்சம். கொடுத்த நேரத்தில் பாதி அப்படியே போய்விட்டது. மாலையில் பேருந்தை விட்டு இறங்கியதும் நேராக என்னைப் பார்க்க வந்தாள். "சார், அது வேற கம்ப்யூட்டர் சார். எனக்கு அது தெரியாது" என்றாள்.

அது வேறு கம்ப்யூட்டர் இல்லை. அரசு அவளுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினியிலேயே விண்டோஸோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய போஸ் என்ற லினக்ஸ் இயங்குதளமும் இருந்தது. "இடத்தை அடைக்குது, அதை எடுத்துடும்மா" என்று சொன்னவனே நான்தான்.

அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நான் கற்றுக்கொடுத்தது கணினியை அல்ல, சில பொத்தான்கள் இருக்கும் இடத்தைத்தான். கருவி ஒன்று, அதை நடத்தும் விதி வேறொன்று என்பதைப் பிள்ளைகளுக்கு எப்படிப் புரியவைப்பது? விடை ஒரு பழைய கணினியில் கிடைத்தது.

1984-85இல் மத்திய அரசு 'கிளாஸ்' என்ற திட்டத்தில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்குக் கணினி கொடுத்தது. இந்தியப் பள்ளிக் கணினிக் கல்வியின் தொடக்ககால முயற்சிகளில் ஒன்று அது. அப்போது வந்தது இங்கிலாந்தின் ஏக்கார்ன் நிறுவனம் தயாரித்த பிபிசி மைக்ரோ. நினைவகம் வெறும் 32 கிலோபைட். அதில் பிளாப்பி வட்டை இணைத்தால், வட்டை நிர்வகிக்க டிஎஃப்எஸ் என்ற மென்பொருள் வேண்டும். அது ஒரு சிப்பாகக் கணினியின் உள்ளே பொருத்தப்பட்டிருக்கும்.

டிஎஃப்எஸ்ஸில் ஒரு வட்டுப் பக்கத்தில் 31 கோப்புகளுக்கு மேல் சேமிக்க முடியாது. ஏன் 31? கணக்கு ஆசிரியர்கள் கவனியுங்கள். வட்டின் முதல் பகுதியில் 256 எழுத்துகளுக்கு இடம். ஒரு கோப்பின் பெயருக்கு 7 எழுத்து, அது எந்தப் பிரிவு என்று காட்ட 1 எழுத்து, ஆக 8. 256ஐ 8ஆல் வகுத்தால் 32. அதில் ஓரிடம் வட்டின் தலைப்புக்கு. மீதி 31. வட்டில் இடம் காலியாகக் கிடந்தாலும், பட்டியல் நிறைந்துவிட்டால் 32ஆவது கோப்புக்கு அனுமதி இல்லை.

இன்னொரு விதியும் உண்டு. ஒரு கோப்பு தொடர்ச்சியான இடத்தில்தான் இருக்க வேண்டும். பக்கத்தில் வேறு கோப்பு இருந்தால் இந்தக் கோப்பு வளர முடியாது.

இதை வகுப்பில் ஒரு 40 பக்க நோட்டை வைத்தே நடத்துகிறேன். முதல் பக்கம் பட்டியல். மற்ற பக்கங்களில் ஒருவர் கதை, ஒருவர் விடுகதை, ஒருவர் வாய்ப்பாடு என்று வரிசையாக எழுதுவார்கள். நோட்டு நிறைந்ததும் இடையிடையே இரண்டிரண்டு பக்கமாக அழிக்கச் சொல்வேன். பிறகு ஒருவருக்கு மூன்று பக்கக் கதை எழுத வேண்டும். காலிப் பக்கம் ஆறு இருக்கிறது, ஆனால் மூன்று சேர்ந்தாற்போல் எங்கும் இல்லை. "சார், எல்லாத்தையும் முன்னாடி தள்ளி எழுதிட்டா இடம் வரும்" என்று யாராவது ஒரு பிள்ளை சொல்லிவிடும். பிபிசி மைக்ரோவில் 'காம்பேக்ட்' என்ற கட்டளை செய்த வேலை அதுவேதான்.

அடுத்து, அதே நோட்டுக்கு வேறு விதி சொல்வேன். எந்தக் காலிப் பக்கத்திலும் எழுதலாம், ஆனால் பக்கத்தின் அடியில் அடுத்த பக்க எண்ணைக் குறிக்க வேண்டும். இது அதே காலத்து அடாரி கணினியின் முறை. அதன் வட்டில் 128 பைட் கொண்ட ஒவ்வொரு பகுதியிலும் கடைசி 3 பைட் இந்தக் குறிப்புக்கே போய்விடும். காலியிடம் வீணாகாது. ஆனால் ஒரு பக்க எண் அழிந்தால் மீதிக் கதை கிடைக்காது. எந்த விதிக்கும் ஒரு வசதி உண்டு, ஒரு விலையும் உண்டு என்று பிள்ளைகளே சொல்லிவிடுகிறார்கள்.

அந்த நாளில் பிபிசி மைக்ரோ வைத்திருந்தவர்களில் பலர் 31 போதாது என்று சும்மா இருக்கவில்லை. வாட்ஃபோர்ட் எலெக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் பட்டியலுக்கு இன்னும் கொஞ்சம் இடம் ஒதுக்கி, 62 கோப்புகள் வைக்கும் மாற்று டிஎஃப்எஸ்ஸை விற்றது. மூடியைத் திறந்து பழைய சிப்பை எடுத்துவிட்டுப் புதியதைச் செருக வேண்டும். அவ்வளவுதான். ஏக்கார்னே பின்னர் ஏடிஎஃப்எஸ் கொண்டுவந்தது. அதில் பெயருக்கு 10 எழுத்து, கோப்புறைக்குள் கோப்புறை. பெட்டியும் விசைப்பலகையும் பழையவை, விதி புதியது.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரே போதும். பராந்தகச் சோழன் காலத்தில் 919இல் வாரியத் தேர்தலுக்கு விதி வெட்டினார்கள். இரண்டே ஆண்டில், 921இல், அதைத் திருத்தி மறுபடியும் வெட்டினார்கள். ஊரும் சபையும் அவைதான், நடத்தும் விதிதான் மாறியது. விதி மனிதர் செய்தது, தேவைப்பட்டால் மாற்றலாம் என்று ஆயிரம் ஆண்டுக்கு முன்பே தெரிந்துவைத்திருந்த ஊர் இது.

பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் இப்போது விண்டோஸும் இருக்கிறது, உபுண்டுவும் இருக்கிறது. ஆனால் பல இடங்களில் இரண்டாவதைப் படத்தைக் காட்டியே கடந்துவிடுகிறோம். பென் டிரைவில் உபுண்டுவை ஏற்றி, கணினியில் நிறுவாமலே இயக்கிக் காட்டலாம். ஒரு பாடவேளை போதும். அப்போது மூன்றே கேள்விகளைக் கேளுங்கள்: கோப்பை எங்கே சேமிக்கிறோம்? அதன் பெயரை எங்கே பார்ப்பது? திரும்ப எப்படித் திறப்பது? எந்தத் திரையிலும் இந்த மூன்றையும் தேடிக் கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளை, திரை மாறியதற்காகப் பயப்படாது.

தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள், கணினி இல்லையே என்று தயங்க வேண்டாம். நோட்டு விளையாட்டுக்கு மின்சாரமே தேவையில்லை.

அந்த மாணவிக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. அடுத்த வாரம் அவளையே வரவழைத்து, அவளுடைய மடிக்கணினியில் போஸை மறுபடி நிறுவினோம். அரை மணி நேரத்தில் ஒரு விண்ணப்பக் கடிதத்தைத் தட்டச்சு செய்து சேமித்துக் காட்டினாள். "இவ்ளோதானா சார்?" என்று கேட்டாள். அவள் தேர்வுக்குப் போவதற்கு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அதைக் கேட்க வைக்காதது என் பிழை. உங்கள் மாணவர்களுக்கு அது நேராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.