எண்ணெயின் அளவு

எங்கள் சிங்கவரத்துக் குன்றில் பள்ளிகொண்ட அரங்கநாதரைச் சேவிக்கவும், அருகே செஞ்சிக் கோட்டையைக் காணவும் வெளியூரார் பலர் வருகின்றனர். 2025ஆம் ஆண்டில் அக்கோட்டை யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் இடம்பெற்றது. பாறைகள் கனலும் கோடையில் குளிர்சாதனம் இயங்காத வாடகைக் காரில் ஏற எவரும் விரும்பார். ஆதலின் இவ்வூர் ஓட்டுநருக்கு அஃது ஆடம்பரமன்று, பிழைப்பு. அதனைப் பழுதுபார்க்கையில் ஊற்றும் எண்ணெயைப் பற்றிச் சிறிது கூற விழைகிறேன்.

குளிர்சாதனத்தில் வாயுவை அழுத்திச் செலுத்தும் கருவி கம்ப்ரஸர். அதன் உறுப்புகள் தேயாமற் காப்பது எண்ணெய். எஞ்சினில் எண்ணெய் தங்கத் தனித்தொட்டி உண்டு. கம்பியை உருவி அளவு பார்க்கலாம். பெரும்பாலான கார்க் கம்ப்ரஸர்களில் அவ்வசதி இல்லை. எண்ணெய் வாயுவோடு கலந்து குழாய்களெங்கும் சுற்றுவதால், எவ்வளவு உள்ளதென்று கண்ணால் அறிய இயலாது. சிறிய கார்களுக்கு வேண்டுவது பெரும்பாலும் 100 முதல் 150 மில்லி லிட்டர். ஒரு தேநீர்க் குவளை அளவுதான்.

எண்ணெய் குறைந்தால் கம்ப்ரஸர் சூடேறி இறுகிவிடும். மிகுந்தாலோ, குழாய்களின் உட்புறத்தில் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும், அழுத்தம் ஏறும், குளிர்ச்சி குன்றும். எனக்குத் தெரிந்த ஓட்டுநர் ஒருவர் ஒரே கோடையில் மும்முறை வாயு நிரப்பினார். பட்டறையில் ஒவ்வொரு முறையும் எண்ணெயையும் கணக்கின்றி ஊற்றினர். இறுதியில் என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் அனைத்தையும் கழற்றி வடித்து அளந்தார். உரியதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு இருந்தது! கசிவை அடைத்து, குழாய்களைக் கழுவி, உரிய அளவை ஊற்றியபின்னரே குளிர்ச்சி மீண்டது.

முறை யாது? வெளியே சென்ற அளவே உள்ளே செல்லவேண்டும். வாயுவை எந்திரத்தால் வாங்கும்போது உடன்வந்த எண்ணெயை அளந்து, அதே அளவு புதியதை ஊற்றுக. கம்ப்ரஸரை மாற்றினால் பழையதில் வடிந்ததை அளந்து, புதியதில் அவ்வளவே நிறுத்துக. கண்டென்ஸரை மாற்றினால் உற்பத்தியாளர் குறித்த அளவைச் சேர்க்க.

எண்ணெயின் இனமும் முக்கியம். ஓசோன் படலத்தைக் காக்க 1987இல் மாண்ட்ரியல் உடன்படிக்கை ஏற்பட்டபின், ஆர்-12 வாயுவின் இடத்தில் ஆர்-134ஏ வந்தது. பழைய கனிம எண்ணெய் அதனோடு கலவாது, ஆகவே பி.ஏ.ஜி. எண்ணெய் வந்தது. இது காற்றின் ஈரத்தை உறிஞ்சும். புட்டியைத் திறந்து வைத்தலாகாது. மின்சாரக் கார்களின் கம்ப்ரஸருக்குள்ளேயே மின்மோட்டார் இருப்பதால், பலவற்றில் மின்சாரத்தைக் கடத்தாத பி.ஓ.இ. எண்ணெயே வேண்டும்.

ஓட்டுநர்களுக்கு ஒரு விண்ணப்பம்: அடுத்த முறை பட்டறையில் எண்ணெயின் பெயரையும், வடித்த அளவையும், ஊற்றிய அளவையும் ரசீதில் எழுதச் சொல்லுங்கள். நான்காம் வகுப்புக் கழித்தற் கணக்குதான். ஆயினும் ஒரு குடும்பத்தின் பல மாத வருவாயை அது காக்கும்.