மலிவான ஊசியும் என் கருத்தும்



சென்ற ஆண்டு என் பழைய மாணவர் ஒருவர் என்னிடம் வந்து, ஒரு பொருளைப் பற்றிக் கருத்துக் கேட்டார். நான் சிறிதும் தயங்காமல் கருத்துச் சொன்னேன். நான் சொன்னது பொய்யன்று. ஆயினும், அதை நம்பியதால் அவருடைய எட்டு மாதச் சேமிப்பு வீணாகும் நிலை வந்துவிட்டது. அந்தக் கதையைச் சொல்வதற்காகவே இன்று ஒலிவாங்கியின் முன் அமர்ந்திருக்கிறேன்.

அவர் கேட்ட பொருள் ஒரு கார்ட்ரிட்ஜ். துப்பாக்கித் தோட்டாவை நினைத்து அஞ்ச வேண்டா. இசைத்தட்டின் மேல் ஊர்ந்து செல்லும் ஊசியையும், அவ்வூசியின் அசைவை மின்சாரமாக மாற்றும் நுண்கருவியையும் அடக்கிய சிறு பெட்டிக்கும் அதுவே பெயர். கட்டை விரல் நுனியளவுதான் இருக்கும். கைப்பேசியில் பாட்டுக் கேட்டு வளர்ந்த உங்களில் சிலர் இப்போது இசைத்தட்டுகளையும் தேடி வாங்குகிறீர்கள். ஆகையால் இச்செய்தி உங்களுக்கும் பயன்படலாம்.

எல்.பி. எனப்படும் நெடுநேர இசைத்தட்டு 1948-ஆம் ஆண்டில் வெளிவந்தது. நிமிடத்துக்கு 33⅓ முறை சுற்றுவது. அதன் ஒரு பக்கத்தில் எத்தனை பள்ளங்கள் இருக்கும் என்று வகுப்பில் கேட்டால், நூறு என்பார் ஒருவர். ஆயிரம் என்பார் மற்றொருவர். உண்மையில் ஒன்றே ஒன்றுதான். விளிம்பில் தொடங்கி நடுவை நோக்கிச் சுருண்டு சுருண்டு செல்லும் ஒரே பள்ளம் அது. அதன் இரண்டு சுவர்களிலும் இசை நெளிவுகளாகச் செதுக்கப்பட்டிருக்கிறது. ஊசி அந்த நெளிவுகளுக்கேற்ப அசைகிறது. அந்த அசைவை மின்சாரமாக்க வேண்டும், அவ்வளவே வேலை.

1831-இல் மைக்கேல் பாரடே கண்டறிந்ததை உங்கள் பௌதிக ஆசிரியர் சொல்லியிருப்பார். கம்பிச் சுருளின் அருகே காந்தம் அசைந்தாலும் மின்னழுத்தம் பிறக்கும். காந்தத்தின் அருகே சுருள் அசைந்தாலும் பிறக்கும். இன்று பெரிதும் வழங்கும் கார்ட்ரிட்ஜுகளின் இரு வகையும் இவ்வுண்மையிலிருந்து வந்தவையே. முதல் வகையில் ஊசித்தண்டின் மறுமுனையில் ஒரு சிறு காந்தம் இருக்கும். சுருள் அசையாமல் நிற்கும். நிற்கும் சுருளுக்கு எடை ஒரு பொருட்டன்று. எனவே கம்பியை வேண்டிய மட்டும் சுற்றலாம். மூன்று நான்கு மில்லிவோல்ட் எளிதாகக் கிடைக்கும். இரண்டாம் வகையில் காந்தம் நிற்கும், சுருள் அசையும். இதுவே மூவிங் காயில். ஊசியோடு சேர்ந்து நொடிக்குப் பல்லாயிரம் முறை ஆட வேண்டிய சுருள் ஆதலால், அது பூவினும் மெல்லியதாக இருத்தல் வேண்டும். மயிரிழையினும் நுண்ணிய கம்பியைச் சில சுற்றுகளே சுற்ற முடியும். அதுவும் உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ், பழகிய கைகளால் செய்ய வேண்டிய வேலை. ஆகவே விலை ஏறுகிறது. இவ்வகையில் ஆயிரக்கணக்கான டாலர் விலையுள்ளவை பல உண்டு.

இவற்றிடையே சில நூறு டாலருக்குக் கிடைப்பது ஜப்பானின் டெனான் டி.எல்.-103. என் மாணவர் கேட்டது இதைத்தான்.

இதன் பிறப்பு வானொலியோடு தொடர்புடையது என்பதில் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி உண்டு. 1960-களின் தொடக்கத்தில் ஜப்பானியப் பொது ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.-யின் தேவைக்காக இது வடிவமைக்கப்பட்டது. ஸ்டீரியோ இசைத்தட்டு 1958-இல் கடைகளுக்கு வந்திருந்தது. அதைப் பழுதில்லாமல் ஒலிபரப்ப ஒரு கருவி வேண்டியிருந்தது. வானொலி நிலையத்தின் தேவை எத்தகையது? ஒரு நாள் அற்புதமாகப் பாடி மறுநாள் தொண்டை கட்டிக்கொள்ளும் கருவி அங்கே உதவாது. காலையில் ஒருவர் கையாள்வார். மாலையில் மற்றொருவர் கையாள்வார். பாட்டின் தொடக்கத்தைப் பிடிப்பதற்காகத் தட்டைக் கையால் முன்னும் பின்னும் சுழற்றுவார்கள். இத்தனையையும் தாங்கிக்கொண்டு, என்றும் ஒரே மாதிரி ஒலிக்க வேண்டும். அலங்காரமற்ற பிளாஸ்டிக் உடல், முகப்பில் ஊசியின் இடத்தைக் காட்டும் ஒரு வெள்ளைக் கோடு, பெட்டியோடு அதன் அளவுகளைக் காட்டும் தாள் ஒன்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் பெரிய மாற்றமின்றி இன்றும் செய்து வருகிறார்கள்.

இதைப் பற்றிய கருத்துகளோ வானத்துக்கும் பூமிக்குமாக இருக்கின்றன. ஒரு சாரார், மனிதக் குரலும் பித்தளை வாத்தியமும் இதில் கேட்பதுபோல் வேறெதிலும் கேளா என்பர். இன்னொரு சாரார், இது பழைய காலத்துப் பொருள், நுட்பம் போதாது என்பர். மூன்றாவதாக ஒரு கூட்டமும் உண்டு. இவர்கள் புதிதாக வாங்கியவுடன் பிளாஸ்டிக் உடலை உரித்தெறிந்துவிட்டு, மரத்தாலோ அலுமினியத்தாலோ செய்த உடலில் அதைக் குடியேற்றுவார்கள். சமயத்தில் புது உடலின் விலை கார்ட்ரிட்ஜின் விலையை நெருங்கிவிடும்! அது அவரவர் பணம். நாம் தலையிட வேண்டா.

நான் முதல் சாராரைச் சேர்ந்தவன். இருபது ஆண்டுகளாக என் வீட்டில் இருப்பது இதுவே. ஆகவே மாணவர், "ஐயா, இதை வாங்கலாமா?" என்று கேட்டபோது, "கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றேன். மாலை நேரங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்துச் சேர்த்த பணத்தில் அவர் வாங்கினார். மறைந்த தம் தந்தையார் விட்டுச் சென்ற நாற்பது ஐம்பது தட்டுகளைக் கேட்க வேண்டும் என்பது அவர் ஆசை.

இரண்டு மாதம் அவரிடமிருந்து செய்தி இல்லை. ஒரு நாள் வழியில் கண்டு, "எப்படி இருக்கிறது?" என்றேன். "நன்றாக இருக்கிறது, ஐயா" என்றார். அவர் சொன்ன விதமே நன்றாக இல்லையென்று காட்டிற்று. வற்புறுத்தி அவர் வீட்டுக்குச் சென்றேன்.

தட்டைச் சுழலவிட்டார். பாட்டு அடுத்த தெருவிலிருந்து வருவதுபோல் கேட்டது. ஒலியைக் கூட்டினால், பாட்டைவிட முனகல் அதிகமாயிற்று. கேட்ட சிறிதளவிலும் உயிரில்லை. குரல் மெலிந்து, மிருதங்கத்தின் தொப்பி தகரம்போல் ஒலித்தது. "தாங்கள் சொல்லியும் எனக்கு இதன் அருமை தெரியவில்லையே என்று எண்ணிக்கொண்டேன், ஐயா" என்றார் அவர். நான் வெட்கிப்போனேன். குறை அவருடைய செவியில் இல்லை, கார்ட்ரிட்ஜிலும் இல்லை. என் வீட்டில் அதனோடு வேறென்னென்ன சேர்ந்திருக்கின்றன என்பதை நான் அவருக்குச் சொல்லவில்லை.

முதற்குறை மின்னழுத்தம். டி.எல்.-103 தருவது ஏறக்குறைய 0.3 மில்லிவோல்ட். அசையும் காந்த வகை தருவதில் பத்தில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய ஆம்பிளிபயர் காந்த வகைக்கென்றே அமைந்தது. இடையில் மின்னழுத்தத்தைப் பத்து மடங்கு உயர்த்தும் ஒரு சிறு டிரான்ஸ்பார்மரோ, தனியான ஒரு முன்பெருக்கியோ கட்டாயம் வேண்டும். அதற்கும் பணம் வேண்டும். மலிவான கார்ட்ரிட்ஜ் என்று நான் சொன்னபோது இந்தச் செலவைக் கணக்கில் சேர்க்கவில்லை. என் வீட்டில் அது முன்னமே இருந்ததால், எனக்கு அது நினைவிலேயே இல்லை.

இரண்டாவது, ஊசியைத் தாங்கி நிற்கும் கை. டோன் ஆர்ம் என்பார்கள். டி.எல்.-103-இன் ஊசித்தண்டு சற்று விறைப்பான ரப்பரில் ஊன்றப்பட்டது. அது வில் போன்றது. டோன் ஆர்ம் அதில் கட்டிய எடை போன்றது. வில்லும் எடையும் சேர்ந்தால் அவற்றுக்கென ஓர் இயல்பான அதிர்வு எண் உண்டு. கல்லூரி மாணவர்கள் இதை ஆய்வுக்கூடத்தில் அளந்திருப்பீர்கள். அது நொடிக்கு 8 முதல் 12-க்குள் அமைவது நலம். மிகத் தாழ்ந்தால், தட்டின் கோணலெல்லாம் கையை ஆட்டிவைக்கும். உயர்ந்து 20-ஐ நெருங்கினாலோ, இசையின் கீழ்ச்சுரங்களே கையை அதிரச் செய்யும். விறைப்பான வில்லுக்குக் கனமான எடை வேண்டும். என்னுடையது கனமான பழைய டோன் ஆர்ம். மாணவருடையதோ இக்காலத்து மெல்லிய டோன் ஆர்ம். அதைச் செய்தவர்மேல் குறையில்லை, மென்மையான வில்லுள்ள கார்ட்ரிட்ஜுகளுக்கு அது மிகப் பொருத்தமானது.

வழி என்ன? கார்ட்ரிட்ஜுக்கும் அதைத் தாங்கும் தலைப்பகுதிக்கும் இடையே 6 கிராம் எடையுள்ள ஒரு பித்தளைத் தகட்டை வைத்துத் திருகினோம். இரும்பு கூடாது, உள்ளே வலுவான காந்தம் இருக்கிறது. இரும்புத் திருப்புளியைக்கூட ஊசியின் பக்கம் கொண்டுபோகக் கூடாது. இழுத்துக்கொண்டு ஊசித்தண்டை முறித்துவிடும். முன்பக்கம் கனம் கூடியதால் பின்பக்கத்து எடையையும் கூட்டிச் சமன் செய்தோம். ஊசி அழுத்தம் 2.5 கிராம் என்று நிறுத்தோம். அவர் குறைந்த அழுத்தம் தட்டுக்கு நல்லதென்று எண்ணி 1.5 கிராம் வைத்திருந்தார். பலரும் அப்படித்தான் எண்ணுகிறார்கள். ஊசி பள்ளத்தில் பதியாமல் துள்ளித் துள்ளிச் சுவரை இடிப்பதே தட்டுக்குப் பெருங்கேடு. தந்தையாரின் தட்டுகளை இரண்டு மாதம் அப்படிக் கேட்டிருக்கிறாரே என்பதுதான் எனக்கு இன்றும் உறுத்துகிறது. டிரான்ஸ்பார்மரை முதலில் ஆம்பிளிபயரின் மேலேயே வைத்தோம்; முனகிற்று. ஒரு முழம் தள்ளி வைத்தோம், அடங்கிற்று.

அதன் பிறகு கேட்ட பாட்டை நான் வருணிக்கப் போவதில்லை. அவர் எழுந்து சென்று உள்ளேயிருந்த தம் தாயாரை அழைத்து வந்தார்.

ஆயினும் இரண்டாம் சாராரின் குற்றச்சாட்டு ஒன்று அப்படியே நிற்கிறது; அதை மறைத்தால் மறுபடியும் பழைய தவற்றையே செய்தவனாவேன். இதன் வைர ஊசியின் முனை உருண்டையானது, ஆரம் 16.5 மைக்ரான். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. தட்டின் விளிம்பில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் ஓடுகிறது; நடுவருகே 21 சென்டிமீட்டர்தான் ஓடுகிறது. நொடிக்குப் பதினாயிரம் அதிர்வுள்ள ஒலியின் ஒரு நெளிவு விளிம்பில் 51 மைக்ரான் நீளம் பெறுகிறது. நடுவருகே 21 மைக்ரானுக்குள் நெருக்குண்டு கிடக்கிறது. உருண்டை முனைக்கு அங்கே நுழைய இடம் போதவில்லை. பக்கங்கள் கூர்மையான நீள்வட்ட ஊசி அங்கே இதைவிட நன்றாக நுழைந்து வரும். ஆனால் அதைச் சிறிது கோணலாகப் பொருத்தினாலும் அதன் பயன் கெடும். உருண்டை முனை பொருத்துவோரின் பிழையை ஓரளவு பொறுத்துக்கொள்ளும். பலர் கைபடும் வானொலி நிலையத்துக்கு அத்தகைய ஊசியே பொருந்தும்.

மாணவரின் தட்டுகளில் ஒரு வீணைத் தட்டு உண்டு. அதன் முதற்பகுதி தெளிந்த நீர்போல் ஓடுகிறது. கடைசிப் பகுதியில் மேல் தந்தியை மீட்டும்போது ஒரு கரகரப்பு. எத்தனை சீர்செய்தும் அது முழுதும் போகவில்லை. மற்றொன்றும் சொல்ல வேண்டும். இவ்வகையில் ஊசி தேய்ந்தால் நாமே கழற்றி மாற்ற முடியாது. தெரிந்தவரிடம் அனுப்பிப் புது முனை பதிக்க வேண்டும், அல்லது புதிதாகவே வாங்க வேண்டும். காந்த வகையிலோ பெரும்பாலும் ஊசியை மட்டும் உருவிப் புதியதைச் செருகிவிடலாம். கையில் அளந்த பணமே உள்ள மாணவருக்கு, நல்ல காந்த வகை ஒன்றே முதலில் போதும் என்பது இப்போது என் எண்ணம். டி.எல்.-103-ஐ என் வீட்டிலிருந்து எடுக்கும் எண்ணம் மட்டும் எனக்கில்லை.

சென்ற வாரம் இன்னோர் இளைஞர் தொலைபேசியில் அழைத்து இதே கேள்வியைக் கேட்டார். "உங்கள் டோன் ஆர்மின் எடை என்ன, தம்பி?" என்றேன். பார்த்துச் சொல்கிறேன் என்று வைத்தவர், இன்னும் அழைக்கவில்லை.