ஓடும் வீட்டில் ஏறுவது எப்படி?



2025 ஜூன் 26, இலங்கை நேரப்படி மாலை நான்கு மணியளவில், இந்தியாவின் சுபான்ஷு சுக்லாவும் மூன்று தோழர்களும் சென்ற டிராகன் விண்கலம், சர்வதேச விண்வெளி நிலையத்தோடு இணைந்தது. அங்கே போன முதல் இந்தியர் அவர்தான்.

அந்த நிலையம் ஓடுகிற வேகத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. அவ்வளவு வேகமாக ஓடுவதில், மனிதர்கள் இருக்கும் கலத்தை எப்படிப் பொருத்துவது?

வெள்ளவத்தைக் கடலோரம் இரட்டைத் தண்டவாளம் இருக்கிறதல்லவா? இரண்டு ரயில்கள் ஒரே திசையில், ஒரே வேகத்தில், பக்கம் பக்கமாக ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இந்த ஜன்னலில் இருப்பவருக்கு அந்த ஜன்னல் அசையாமல் நிற்கும். கைநீட்டி ஒரு பணிஸ் கொடுக்கலாம். வானத்திலும் அதுதான். ஒரே திசை, ஒரே வேகம். அதனால் கலம் கடைசியில் நெருங்குவது விநாடிக்குச் சில சென்ரிமீற்றர்தான். அந்தப் பொருத்தம் வரத்தான், புறப்பட்டதிலிருந்து ஒரு நாளுக்கும் மேல் ஆனது.

தொட்டவுடன் கதவைத் திறப்பதில்லை. முதலில் கலம் நிலையத்தை மெல்லப் பிடிக்கும். பிறகு கொக்கிகள் இறுக்கும். காற்றுக் கசிகிறதா என்று பார்ப்பார்கள். அதற்கே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். இந்தப் பொறுமைதான் எனக்குப் பெரிய அதிசயம்.

நிலையத்தை நீங்களும் பார்க்கலாம். கொட்டாஞ்சேனை மொட்டைமாடியே போதும். பொழுது சாய்ந்த சற்று நேரத்தில், அல்லது விடியுமுன், மினுங்காத ஒளிப்புள்ளி ஒன்று சில நிமிடங்களில் கடந்துபோகும். எல்லா நாளும் தெரியாது. நேரத்தை நாசாவின் கைப்பேசிச் செயலியில் பார்த்துவிட்டு, பிள்ளைகளையும் மாடிக்குக் கூட்டிப்போங்கள்.