கொல்லையும் பெயரும்



தமிழகச் சிற்றூர்களில் முன்னோர் விட்டுச்சென்ற கொல்லைகள் பல புதர்மண்டிக் கிடக்கின்றன. அவற்றை உரிமையாகப் பெற்றவர் முதலில் தேடுவது எதனை? களைக்கொல்லி நஞ்சினை! அந்தோ, அப்புதருள் உணவு ஒளிந்து கிடப்பதை அவர் அறிகிலர்.

வேலியிற் படர்ந்த முட்கொடி தூதுவளை. அதன் இலை துவையலாகும். காற்றடைத்த காய்களோடு தொங்குவது முடக்கற்றான். தோசைமாவில் அரைத்துச் சேர்ப்பர். தரையொட்டிப் படர்வது மூக்கிரட்டை. ஈரநிலத்திற் செழிப்பது பொன்னாங்கண்ணி. பெயரறிந்தார்க்கு இவை கீரை, அறியாதார்க்கு வெறுங்களை. சொல் இறந்தால் சோறும் குறையும் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

எனினும், ஐயமுற்ற இலையை உண்ணலாகாது. ஊமத்தையும் அங்கேதான் வளரும், அது நஞ்சு. ஆதலின், ஊர் முதியோரை அழைத்துக் காட்டி, ஒவ்வொன்றன் பெயரையும் பயனையும் கேட்டுக் குறித்துக்கொள்க.

அதன் பின்னரே களையெடுக்க. 1870களில் அமெரிக்க நிலத்தினின்று கொணரப்பட்ட சீமைக்கருவேலம், வெட்டினால் மீண்டும் துளிர்க்கும், வேரோடு அகழ்க. கோரையைக் கிழங்கோடு தோண்டுக. வெட்டிய தழையை எரிக்காமல் குழியிலிட்டு மட்கச் செய்க, அதுவே உரம். கழுநீர் பாயுமிடத்தில் வாழை. வேலியோரம் முருங்கைப் போத்து. ஆடியில் அவரையும் பீர்க்கும் ஊன்றுக. சிறுபாத்தியொன்றில் சிறுகீரை விதைத்தால் 30 நாளிற் பறிக்கலாம்.

முற்றிய காயின் விதையை அடுத்த ஆண்டுக்கு எடுத்துவையுங்கள்! கீரையின் பெயரைப் பிள்ளைகளுக்குச் சொல்லிவையுங்கள்! விதையின்றிக் கொல்லை தழைக்காது. பெயரின்றி விதையும் நிலைக்காது.