நனைந்த போனை ஆன் செய்து பார்க்காதீர்கள்

(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் குடியிருப்பாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



மழைக்காலம் வரப்போகிறது, நனைந்த சாதனங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசுங்கள் என்றார் செயலாளர். நான் நிபுணன் இல்லை. தப்பு செய்து கற்றுக்கொண்டவன்.

போன வருடம் என் போன் துணி ஊறவைத்த வாளிக்குள் விழுந்தது. உடனே எடுத்துவிட்டேன். திரை எரிந்துகொண்டுதான் இருந்தது. வேலை செய்கிறதா என்று இரண்டு பேருக்கு போன் போட்டுப் பார்த்தேன். பிறகு சார்ஜில் போட்டேன். பத்து நிமிடத்தில் அணைந்துவிட்டது. காலமாவதற்கு முன் அம்மா அனுப்பிய குரல் பதிவுகள் அதில்தான் இருந்தன. திரும்பக் கிடைக்கவே இல்லை.

சர்வீஸ் கடைக்காரர் ஒன்று சொன்னார்: "தண்ணி மட்டும் கெடுக்கலை சார். தண்ணியும் கரண்ட்டும் சேர்ந்துதான் கெடுத்துச்சு."

ஆகவே முதல் வேலை, போனை அணைப்பது. கவர், சிம் தட்டு இரண்டையும் கழற்றுங்கள். சார்ஜர் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். பிறகு ஃபேன் காற்றில் வையுங்கள். ஒரு நாளாவது சார்ஜ் போட வேண்டாம். ஹேர் டிரையர், வெயில் இரண்டும் வேண்டாம். சூடு பேட்டரிக்கு ஆகாது.

அரிசி டப்பாவும் வேண்டாம். காற்றில் உலர்வதைவிட அதில் சீக்கிரம் உலராது. அரிசித் துகள்தான் துளைக்குள் போகும். ஆப்பிள் நிறுவனமே இதைச் செய்யாதீர்கள் என்கிறது.

விழுந்தது சோப்புத் தண்ணீர், காபி, சாக்கடை நீர் என்றால் காத்திருக்காதீர்கள். ஈரம் காய்ந்தாலும் உப்பும் சர்க்கரையும் உள்ளே தங்கி போர்டை அரிக்கும். அன்றே கடையில் கொடுத்து, திறந்து சுத்தம் செய்யச் சொல்லுங்கள். ஐபி68 போன்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம். அந்தச் சோதனை நல்ல தண்ணீரில் செய்வது.

லேப்டாப்பில் கொட்டினால் சார்ஜரைப் பிடுங்கி, பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணையுங்கள். கூடாரம் போலக் கவிழ்த்து வையுங்கள். பேட்டரி உப்பியிருந்தால், எந்தச் சாதனமானாலும் சார்ஜ் போடவே கூடாது.

கீழ்த்தளத்தில் இருப்பவர்களுக்கு முக்கியமான ஒன்று. 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனையோ வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததைப் பார்த்தோம். தண்ணீர் வருவதற்கு முன்பே மெயினை அணையுங்கள். இன்வெர்ட்டரையும் தனியாக அணையுங்கள். தெருவில் கரண்ட் போனாலும் இன்வெர்ட்டர் உங்கள் பிளக்குகளுக்கு மின்சாரம் கொடுத்துக்கொண்டிருக்கும். தண்ணீரில் நின்றபடி எந்த சுவிட்சையும் தொடாதீர்கள். வெளியே வந்து மின்னகத்தை அழையுங்கள்: 94987 94987. வெள்ளம் வடிந்த பிறகும், எலக்ட்ரீஷியன் பார்க்காமல் ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் எதையும் போட வேண்டாம். ஃபிரிட்ஜ் போனால் வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் போனை பேக்கப் எடுங்கள். உங்கள் அம்மாவின் குரலும் அதில் இருக்கலாம்.